முப்பத்தைந்தை இருபதால் வகுத்தால்

ஒன்பது கலவைச் சீட்டுகளிலும் முழு எண் வந்திருந்ததுதான் அவளை நிறுத்தியது. பத்து, நான்கு, ஆறு, எட்டு என்று பாத்திரக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருந்தன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அளவு அப்படி வராது. ஒன்றின் எடை ஒரு கிலோ நானூறு கிராம், இன்னொன்று ஒரு கிலோ எழுபது. அவற்றின் நரம்பில் ஏறும் திரவத்தில் கலக்க வேண்டிய மருந்து ஐந்து புள்ளி ஏழு, இரண்டு புள்ளி மூன்று என்றுதான் வரும். அந்தப் பெரிய மருத்துவமனையின் கலவை அறையில் அவள் பதினோரு வருடமாக மருந்தாளுநர். அதில் எட்டு வருடமாக அறைப் பொறுப்பாளர். புள்ளி இல்லாத சீட்டை ஒன்றிரண்டு பார்த்திருக்கிறாள். ஒன்பதை ஒருசேரப் பார்த்ததில்லை.

முதல் சீட்டை எடுத்துக் கையால் கணக்குப் போட்டாள். புட்டியில் இருபது மில்லிக்கு முப்பத்தைந்து அலகு பொட்டாசியம். அப்படியானால் ஒரு மில்லியில் ஒன்றே முக்கால். தேவை பத்து அலகு. பத்தை ஒன்றே முக்காலால் வகுத்தால் ஐந்து புள்ளி ஏழு மில்லி. சீட்டில் பத்து மில்லி என்று அச்சாகியிருந்தது. கம்ப்யூட்டர் ஒன்றே முக்காலை வெறும் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வகுக்கிற எண் குறைந்தால் விடை கூடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பொட்டாசியம் கூடினால் இதயம் நிற்கும் என்பது அவள் அதற்கப்புறம் படித்தது.

"இன்னிக்குக் கலந்த பை ஏதாவது மேல போயிருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. மூணாம் தொட்டில். முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல இருக்கும்" என்றாள் காலை முறைக்கு முன்னதாகவே வந்திருந்த சக ஊழியை.

மூன்று மாடி. லிப்டுக்குக் காத்திராமல் ஏறினாள். அவள் குழாயைக் கிள்ளி அடைத்தபோது நாற்பது நிமிடம் ஏறியிருந்தது. திரையில் இதயக் கோடு ஏற்கெனவே உருமாறத் தொடங்கியிருந்தது. அப்புறம் மருத்துவர்கள் ஓடிவந்தார்கள், அவள் சுவரோரமாக நின்றாள். அது ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல அவர்களுக்குச் செவ்வாய் காலை ஆனது.

நடந்ததை அவளே எழுதிக் கொடுத்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் எட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்பதாவதுக்கு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்த அறைகளை அவளுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்ததற்குப் பரிசாகத் திங்கட்கிழமை மதியம் தற்காலிகப் பணிநீக்கம் வந்தது. காரணமும் எழுதியிருந்தது. கலவைச் சீட்டு போடும் புரோகிராமைக் கொண்டுவந்தவர் நீங்கள், எழுதியவர் உங்கள் தம்பி.

இரண்டும் உண்மை. எட்டு வருடத்துக்கு முன்னால் கலவை அறையில் கணக்கெல்லாம் பென்சிலில் நடந்தது. முறையான கருவி வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. கடைசியில் தம்பியைப் பிடித்தாள். அவன் படிக்கிற காலத்தில் 'கணி' என்று ஒரு கால்குலேட்டர் எழுதியிருந்தான். பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் கணக்கைத் தட்டினால் அடுத்த வரியில் விடை வரும். மனிதர் மட்டுமல்ல, வேறு புரோகிராம்களும் அதைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கலாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டிருந்தான். இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றில் அதுவும் ஒரு பேக்கேஜாகச் சேர்ந்திருந்தது. அதே இயங்குதளம்தான் மருத்துவமனையிலும் ஓடியது. தம்பி கணியை வைத்துக் கலவைச் சீட்டு எழுதிக் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எட்டு வருடம் ஒரு புள்ளி பிசகவில்லை.

திங்கட்கிழமை மாலையே விசாரணைக் குழு கூடியது. குழுத் தலைவரான தலைமை மருத்துவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"'இந்த மென்பொருள் எந்தக் காரியத்துக்கும் ஏற்றது என்று உத்தரவாதம் இல்லை. இதனால் விளையும் எந்தச் சேதத்துக்கும் ஆசிரியர் பொறுப்பல்ல.' உங்க தம்பி எழுதினதுதானேம்மா இது? பெத்தவனே கைகழுவின பிள்ளையை நீங்க எப்படி எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டீங்க?"

பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

"வியாழக்கிழமை பத்து மணி. இது யாரால, எப்படி நடந்ததுன்னு எழுத்துல வேணும், கையெழுத்தோட வேணும். வாயால சொல்ற கதை வேண்டாம். இல்லன்னா உங்க மருந்தாளுநர் பதிவை ரத்து பண்ணச் சொல்லி நான் எழுத வேண்டியிருக்கும்."

பதிவு போனால் இந்த வேலை மட்டும் போகாது. மாத்திரைக் கடையில்கூட அவளை நிற்க விடமாட்டார்கள்.

செவ்வாய் காலை தம்பி வீட்டுக் கதவைத் தட்டவில்லை, குத்தினாள். அவன் ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். அறை முழுக்க ஒயர். மூன்று திரை, நாற்காலி முதுகில் நாலு நாள் சட்டை, மேசையில் தேநீர்க் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டங்கள்.

"டேய், உன் கணி ஒரு குழந்தையைக் கொல்லப் பாத்துது."

அவனுக்கு முகம் வெளுத்தது. ஆனால் அவன் செய்த முதல் காரியம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதுதான். முப்பத்தைந்தை இருபதால் வகுக்கச் சொல்லித் தட்டினான். ஒன்று புள்ளி ஏழு ஐந்து.

"பாரு. சரியாத்தானே இருக்கு?"

அவள் கைப்பையிலிருந்து ஒன்பது சீட்டின் நகல்களையும் எடுத்து, கோப்பை வட்டங்களின் மேல் சீட்டாட்டத்தில் பரப்புவதுபோல் பரப்பினாள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அப்புறம், மருத்துவமனையில் சனிக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரையும் புதுப்பித்ததை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு கம்ப்யூட்டரை எடுத்து அதே இயங்குதளத்தின் அதே புதிய பதிப்பை அதில் ஏற்றினான். இருபது நிமிடம் ஆயிற்று. அவள் உட்காரவில்லை. அவன் கணக்கைத் தட்டினான்.

ஒன்று.

"அட" என்றான். உள்ளே போய்த் துழாவினான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் இறங்கியது, முகத்தில் ரத்தம் திரும்பியது. "அக்கா! நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

"பின்ன யாரு?"

"பேக்கேஜ் பண்ணவன். இங்க பாரு. நான் எழுதுறது சமையல் மாதிரி. அதை எடுத்து, இந்த இயங்குதளத்துக்குப் பொருந்துற மாதிரி கட்டி, எந்த இடத்துல வைக்கணும், என்ன அமைப்போட ஓடணும்னு பாக்குறது இன்னொரு ஆள். அவன் பரிமாறுறவன்."

"பரிமாறுறவன் உப்பை அள்ளிப் போடலாமா?"

"அதான் போட்டுட்டான்." திரையில் ஒரே ஒரு வரி கொண்ட கோப்பைக் காட்டினான். தசம இடங்கள்: பூஜ்யம். "இதுல முன்ன ஒரு பழைய கால்குலேட்டர் இருந்துது. கேட்டாத்தான் புள்ளி போடும், கேக்காட்டி முழு எண்தான். அதை எழுதினவர் கைவிட்டுட்டார். அந்த இடத்துல என்னோடதைத் தூக்கி வச்சிருக்காங்க. பழசை நம்பியிருந்த முப்பது புரோகிராமும் புள்ளியைப் பாத்ததும் படுத்துடுச்சு. அதுங்களை எழுப்பறதுக்காக, 'இந்த இயங்குதளத்துல கணி புள்ளி போடாது'ன்னு இவனா ஒரு வரி எழுதி வச்சுட்டான். ஏழை ரெண்டால வகுத்தா மூணரை வரணும்னு நான் ஒரு சோதனை வச்சிருக்கேன். அது தோத்திருக்கும். அதையும் நிறுத்திட்டான். காய்ச்சல் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைக்கிற ஜாதி!"

அவன் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் நிம்மதி இருந்ததை அவள் கேட்டாள். இரண்டில் அந்த நிம்மதிதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இல்லன்னு தெரிஞ்சுக்கவா நான் வந்தேன்? எனக்கு ஒரு கையெழுத்து வேணும். வியாழக்கிழமைக்குள்ள."

"இரு, புகார் போடுறேன்."

போட்டான். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'இது பிழை அல்ல, மாற்றம். செய்திக் கோப்பில் அறிவிக்கப்பட்டுள்ளது. புகார் மூடப்படுகிறது.' கீழே 'அச்சாணி' என்று இருந்தது. பேக்கேஜ் செய்கிற ஆள் அங்கே வைத்துக்கொண்ட பட்டப்பெயர் அது.

"செய்திக் கோப்புன்னா?"

"கம்ப்யூட்டருக்குள்ளயேதான் இருக்கும். எங்கயாவது ஒரு மூலையில சுருக்கி வச்சிருப்பாங்க."

"யாரு படிப்பா அதை?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"நீ?"

"நானா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அக்கா, எல்லாரும் சும்மா செய்யுறவங்க. யாருக்கும் யாரும் எதுவும் குடுக்கறதில்ல. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"நான் பல்லைப் பாக்கலடா. மாடு முட்டிடுச்சு. மாட்டுக்காரன் யாருன்னு கேக்குறேன். எங்க இருக்கான் இந்த அச்சாணி?"

"ரயில்ல ரெண்டு மணி நேரம். ஆனா நேர்ல போறதெல்லாம் எங்க வழக்கம் இல்ல அக்கா. பதினாலு வருஷமாத் தெரியும், குரலைக்கூடக் கேட்டதில்ல."

"நாளைக்குக் கேப்ப. வரோம்னு எழுது."

அச்சாணி ஒரு விலாசமும் 'மதிய இடைவேளை, அரை மணி நேரம்' என்றும் மட்டும் எழுதியிருந்தார். புதன்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். வரவேற்பில் இருந்தவர், "லிப்ட் மெக்கானிக்கா? மேல, மெஷின் ரூம்ல இருப்பார்" என்றார்.

லிப்டில் ஏறினார்கள். எங்கே அச்சடித்த எழுத்து இருந்தாலும் படித்துவிடுவது அவள் தொழில் தந்த பழக்கம். பொத்தான்களுக்கு மேலே கண்ணாடி உறைக்குள் ஓர் அட்டை இருந்தது. இந்த மாதத் தேதி. செய்த வேலை: கம்பிவடம் மாற்றம். அதற்குக் கீழே நான்கு கோடுகள். பணி செய்தவர். ஒப்புதல் அளித்தவர். சோதித்துப் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டவர். கட்டட நிர்வாகம். நான்கிலும் கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து நிமிர்ந்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகப் படிக்கும்படி இருந்தது.

மெஷின் ரூம் மொட்டைமாடியில் ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கிரீஸ் வாடை. ஆள் உயரச் சக்கரம் சுழன்று நின்றது, மறுபடி சுழன்றது. கீழே யாரோ நாலாவது மாடிக்குப் போகிறார்கள். அச்சாணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தார்.

"கணி ஆசிரியரா? இவ்வளவு சின்ன ஆளா இருப்பீங்கன்னு நினைக்கல."

"இவ்வளவு பெரிய வேலை பண்ணுவீங்கன்னு நானும் நினைக்கல" என்றான் தம்பி. ரயிலில் இரண்டு மணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த வாக்கியம் அது. "என் கால்குலேட்டர்ல புள்ளியை எடுக்க உங்களுக்கு யார் சார் உரிமை குடுத்தா?"

"நீங்கதான்."

"என்னது?"

"இலவசமாக் குடுத்தீங்க, மாத்திக்கலாம்னு எழுதிக் குடுத்தீங்க. அதை விடுங்க. நான் என்கிட்ட இருக்கிற இருநூத்துப் பன்னெண்டு பேக்கேஜ்லயும் எழுதினவரைக் கேக்காம கை வைக்கிறதில்ல. தினமும் காலையில ரெண்டு மணி நேரம் இதுக்குன்னு உக்கார்றேன், வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னால. என் வீட்ல கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு." கண்ணாடியை மூக்கில் ஏற்றி, போனில் எதையோ தேடி, அவளிடம் நீட்டினார். "நீங்களே படிங்க மேடம்."

போன வருடத்துக் கடிதம். பழைய கால்குலேட்டர் இருந்த இடத்தில் கணி வருகிறது, பல புரோகிராம்கள் முழு எண்ணை எதிர்பார்க்கின்றன, தசம இடத்தைப் பூஜ்யமாக்கி உங்கள் சோதனை ஒன்றையும் நிறுத்தலாமா, இதனால் யாருக்காவது பாதிப்பு வருமா என்று விவரமாகக் கேட்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கு இருந்தது. கீழே தம்பியின் பதில்.

'சரி. உங்க இஷ்டம். நன்றி.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். சக்கரம் சுழன்றது. யாரோ எட்டாவது மாடியிலிருந்து இறங்கினார்கள்.

"அக்கா, அது... ஒரு நாளைக்கு அறுபது மெயில் வரும். அதுல..."

"நேத்து முழுக்க 'அவன், அவன்'னியே."

"படிச்சிருக்க மாட்டேன்."

"படிக்காமத்தான் நன்றி சொன்னியா?"

அவன் தகரக் கதவைப் பார்த்தான். அச்சாணி, சின்னவர் மாட்டிக்கொண்டாரே என்கிற சங்கடத்தில் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சரி" என்றாள் அவள். "யாரு சரி, யாரு தப்புன்னு நான் கேக்க வரல. ஒரு வரி எழுதிக் குடுங்க. இன்ன தேதியில இதை மாத்தினேன்னு எழுதி, கீழ உங்க சொந்தப் பேரைப் போடுங்க, பட்டப்பேரு வேண்டாம். அது போதும்."

"அது முடியாது மேடம். அமைப்பு சார்பா கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல."

"யாருக்கு இருக்கு?"

அச்சாணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "யாருக்கும் இல்ல. எங்க அமைப்புல தலைவர், மேலாளர்னு யாரும் கிடையாது. அதுதான் அதோட அழகுன்னு சொல்லுவோம்."

"நல்ல அழகு."

"இன்னிக்கு இதுக்குப் போட்டா நாளைக்கு இருநூத்துப் பதினொண்ணுக்கும் வந்து நிப்பாங்க. நான் சும்மா செய்யுறவன். உத்தரவாதம் இல்லைன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு."

"அதைத்தான் அங்க என் முகத்துக்கு நேரா வாசிச்சாங்க! அதை வாசிச்சுட்டுச் சிரிச்சாங்க!" அவள் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. "எங்க கம்ப்யூட்டர் பிரிவுல கேட்டா, 'மேல இருந்து வந்ததை ஏத்தினோம்'ங்கிறான். இவன் 'நான் எழுதினது சரி'ங்கிறான். நீங்க 'கேட்டுத்தான் செஞ்சேன்'ங்கிறீங்க. எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் சும்மா செய்யுறவங்க, யாரும் தப்பு பண்ணல. அப்ப அந்தப் பத்து மில்லியை ஊத்தினது யாரு, பேயா? வந்ததுல இருந்து பாக்குறேன். அந்தக் குழந்தை எப்படி இருக்குன்னு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டீங்களா?"

நேற்றிலிருந்து தான் கேட்கவில்லை என்பது தம்பிக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அச்சாணி, மெதுவாக.

"இருக்கு. நாப்பது நிமிஷம் ஏறியிருக்கு. அறுபது ஆயிருந்தா இருக்காது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "லிப்ட்ல ஏறி வந்தேன். கம்பிவடம் மாத்தினதுக்கு உங்க கையெழுத்து இருக்கு அங்க. படிக்கிற மாதிரி, அழகா. அதுக்கு யாரைக் கேட்டுப் போட்டீங்க? லிப்ட் கம்பெனி சார்பா போட்டீங்களா, உங்களுக்காகப் போட்டீங்களா?"

"அது வேலை மேடம். ஆளுங்க ஏறுவாங்க."

"இதுல ஏறினது ஒரு கிலோ நானூறு கிராம்."

அச்சாணி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூலையில் இருந்த கருவிப் பையைத் திறந்து, லிப்டில் இருந்ததைப் போன்ற வெற்று அட்டை ஒன்றை உருவினார். கருவிப் பெட்டி மேல் வைத்து, 'செய்த வேலை' என்ற இடத்தில் எழுதினார். கணி, பதிப்பு எண், தசம இடம் ஆறிலிருந்து பூஜ்யம், சோதனை ஒன்று நிறுத்தப்பட்டது, தேதி. நிறுத்தி நிதானமாக, லிப்டுக்கு எழுதும் அதே கையெழுத்தில். முதல் கோட்டில் தன் சொந்தப் பெயரைப் போட்டு, தம்பியிடம் நீட்டினார். "ரெண்டாவது உங்களோடது."

தம்பி வாங்கிப் பார்த்தான். "உத்தரவாதம் இல்லைன்னு எழுதிட்டு, இதுல கையெழுத்துப் போட்டா..."

"அந்த வரியை நீதான் எழுதினியா?" என்றாள் அக்கா.

"இல்ல. எல்லாரும் போடுறதுதான். இன்னொண்ணுல இருந்து எடுத்து ஒட்டினேன்."

"ஒட்டும்போது படிச்சியா?"

அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்தில் பேனா அழுந்தி அட்டை குழிந்தது.

அவள் அட்டையை எடுத்துக் கைப்பையில் வைக்கப் போனாள். அச்சாணி கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். மருந்து விஷயத்துல ரெண்டாவது ஆள் சரிபாக்கணும்னு இருக்குமே. பாக்கலையா அன்னிக்கு?"

"பாத்தாங்க. ரெண்டு பேரு கையெழுத்து இருக்கு அந்தச் சீட்டுல."

"ரெண்டாவது ஆள் எதுல போட்டுப் பாத்தாங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அடுத்த மேசைக் கம்ப்யூட்டரில். அதிலும் அதே இயங்குதளம், அதே கணி. அவளும் எட்டு வருடமாக அப்படித்தான் சரிபார்த்தாள். கையால் போட்டால் நேரமாகிறது, பக்கத்து மேசையில் போட்டுப் பாருங்கள் என்று அந்த முறையை எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஒரே ஆளிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டு, இரண்டு சாட்சி என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கோபம் போகவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பி, அவளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"மூணாவது கோடு, சோதிச்சவங்க கோடு, காலியா இருந்தா நான் லிப்டை ஓட விடமாட்டேன்" என்றார் அச்சாணி. குத்திக்காட்டும் குரல் இல்லை அது. வேலையைச் சொல்லும் குரல்.

"பேனாவைக் குடுங்க."

"அக்கா, வேண்டாம்! நீ போட்டா அதையே காட்டி உன் பதிவைப் பறிச்சிடுவாங்க!"

"பறிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

திரும்பும் ரயிலில் பாதி வழியில் தம்பி, "வீட்டுக்குப் போனதும் அந்தப் பூஜ்யத்தை எடுக்கச் சொல்லி..." என்று ஆரம்பித்தான். "அவர் இன்னிக்கே எடுத்துடுவார். நீ வந்த மெயிலைப் படி" என்றாள். அவன் போனை எடுத்து, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான். இறங்கும் வரை நிமிரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழு அறையில் தலைமை மருத்துவர், இரண்டு உறுப்பினர்கள், கூடவே கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலி மேசையிலிருந்து ஆறடி தள்ளி இருந்தது. அவள் உட்காராமல் மேசைக்கு வந்து அட்டையை வைத்தாள். நான்கு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள்.

தலைமை மருத்துவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். "என்னம்மா இது, லிப்ட் கார்டு?"

"ஆமா சார். எழுத்துல கேட்டீங்க, கையெழுத்தோட கேட்டீங்க. மூணு இருக்கு."

அவர் படித்தார். மூன்றாவது கோட்டில் அவர் கண் நின்றது. நின்றுவிட்டு நான்காவதுக்குப் போனது. கட்டட நிர்வாகம். காலியாக இருந்தது.

"சனிக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரையும் புதுப்பிச்சீங்களே, கலவை அறைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று அவள் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரைக் கேட்டாள்.

"அப்படிச் சொல்ற வழக்கம் இல்ல" என்றார் அவர்.

"'வழக்கம் இல்ல'ங்கிறதை நான் இந்த வாரத்துல ரெண்டாவது தடவை கேக்குறேன்." தன் மூன்று கடிதங்களின் நகலை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றிலும் மருத்துவமனையின் வரவு முத்திரை இருந்தது. "முறையான கருவி கேட்டு எழுதினது. எட்டு வருஷம் இதுங்களுக்குப் பதில் வரல. வர்ற வரைக்கும் தம்பி எழுதினதை வச்சு ஓட்டுங்கன்னு இதே அறையில சொன்னீங்க. வாயால."

உறுப்பினர்கள் இருவரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் திடீரென்று வீட்டுப் பெரியவர் குரலாக மாறியது.

"இங்க பாரும்மா. குழந்தை நல்லா இருக்கு. அதுதானே முக்கியம்? இந்தக் கார்டை நீங்களே எடுத்துட்டுப் போங்க. மூணாவது கோட்டுல உங்க பேரு இருக்கறது யார் கண்ணுலயும் பட வேண்டாம். ஒரு எச்சரிக்கை எழுதி இதோட முடிச்சுக்கலாம். திங்கக்கிழமை வேலைக்கு வாங்க."

போன திங்கட்கிழமை இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள். அதை நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது.

"நாலாவது கோடு நிர்வாகத்தோடது. அது காலியா இருந்தா ஓட்டக்கூடாது சார்."

"இது லிப்ட் இல்லம்மா."

"ஆமா. லிப்ட்ல நாலும் இருக்கு."

"நீங்க பிடிவாதம் பிடிச்சா, நான் இதை வச்சே உங்க பதிவை ரத்து பண்ண எழுத வேண்டியிருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும். அந்தக் கடிதத்துலயும் கீழ ஒரு கையெழுத்து வேணும். அதுவும் உங்களோடதுதான்." பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கமாக, பிடி அவர் பக்கமாக அட்டையின் மேல் வைத்தாள். "ரெண்டுல எதுல போட்டாலும் சரி. இன்ன காரணத்துக்காகன்னு எழுதி, உங்க பேரைப் போடுங்க. பாத்துட்டுப் போறேன்."

தலைமை மருத்துவர் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். உறுப்பினர்கள் கடிதங்களில் இருந்த முத்திரைத் தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பிப் போய், ஆறடி தள்ளிக் கிடந்த நாற்காலியைத் தரை கிறீச்சிட இழுத்துவந்து, மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.